முள் தேடிப் போன கிடா

ஒரு காட்டில் மேய்ப்பரைப் பின்பற்றும் விலங்குகளின் சபை ஒன்று இருந்தது. புனித வெள்ளி அன்று காலையில் அங்கே சாட்சிக் கூட்டம் நடக்கும். மேய்ப்பருக்காக எது அதிகம் பாடுபட்டதோ, அதுதான் சிலுவையைச் சுமந்து பவனியின் முன்னால் போகலாம். ஆற்றங்கரையில் மேய்ப்பரே வந்து பவனியை எதிர்கொள்வார்.

அந்த முதல் இடத்தின்மேல் ஞானாபரணம் என்ற வெள்ளாட்டுக் கிடாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் என்ன செய்ய பிள்ளைகளே, தின்று கொழுத்த உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை! போன வருஷம் அது சாட்சி சொல்ல எழுந்ததும் குரங்குகள் சிரித்துவிட்டன. அதை நினைத்தால் கிடாவுக்கு இன்னும் முகம் சுண்டிப்போகும்.

இந்த முறை விடுவதாக இல்லை. மற்ற நாளில் காய் தின்னப் போகும் கருவேலம் புதருக்கு, அன்று விடிந்ததும் முள் குத்திக்கொள்ளப் புறப்பட்டது.

வழியில் ஒரு முள்ளம்பன்றி காய்ச்சலில் சுருண்டு கிடந்தது. யாரோடும் ஒத்துப்போகாத சிடுமூஞ்சி அது. அன்றைக்கு அதன் நாக்கு வறண்டு வெளியே தள்ளியிருந்தது.

"அண்ணே, ஆறு வரைக்கும் என்னை முதுகில் தூக்கிப் போவீர்களா? ஒரு வாய் தண்ணீர் குடித்தால் பிழைத்துக்கொள்வேன்" என்றது.

கிடா அதன் முட்களைப் பார்த்துப் பின்வாங்கியது. "உன்னைத் தூக்கினால் என் முதுகு என்னத்துக்கு ஆகும்? மேய்ப்பருக்காகப் பாடுபட அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், தம்பி. உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியது.

புதரில் புகுந்து புரண்டது. எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து நெற்றியில் மூன்று கீறல், தோளில் ஐந்து. கூட்டத்தில் அதைக் காட்டியதும் சபையே கண்ணீர் விட்டது. குரங்குகள்கூட மூக்கை உறிஞ்சின. கழுதை பாக்கியநாதன் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குப் பக்தி போதாது என்று கிடா பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி வைத்தது. சிலுவை கிடாவுக்கே கிடைத்தது.

பவனி ஆற்றங்கரையை அடைந்தது. மேய்ப்பர் எதிரே வரவில்லை. கரையில் உட்கார்ந்து, பாக்கியநாதனின் முதுகில் ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முள்ளம்பன்றி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

கிடா தொண்டையைச் செருமிக்கொண்டு, நெற்றி நன்றாகத் தெரியும்படி நின்றது.

மேய்ப்பர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

"இவ்வளவு காயமா? நீ யாரைச் சுமந்தாய், ஞானாபரணம்?" என்று அன்பாகக் கேட்டார்.

கிடா வாயைத் திறந்தது. சபை முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது. வெட்கத்தில் அது வாயை மூடிக்கொண்டு, நெற்றிக் கீறல் தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டது.

நீதி: பிறரைச் சுமக்கும்போது படும் பாடே சிலுவை, பேருக்காகப் படும் பாடு வீண்.