ஃபைலின் மேல் உட்கார்ந்தவர்

"சார், இந்த ரவுண்ட்ஸ் எதுக்கு?"

ஜெசிந்தாவுக்குக் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

டாக்டராகி, மேற்படிப்புக்கு வந்து இரண்டாவது வருஷம். தினமும் நாற்பது படுக்கை, மூன்று மணி நேரம், பெரிய டாக்டர் பின்னால் கால் கடுக்க ஊர்வலம். அந்த நேரத்தில் எத்தனை வேலையை முடிக்கலாம்!

"எல்லாம் ஃபைல்ல இருக்கு சார். உங்க ரூம்ல உக்காந்தே பாத்துக்கலாம்."

பெரிய டாக்டர் உமையொருபாகம் நேரே பதினேழாம் படுக்கைக்கு நடந்தார்.

அங்கே வடிவாச்சி. பதினோரு நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், விடிந்தால் வேர்த்து இறங்கும். எடுக்காத டெஸ்ட் இல்லை, காரணம்தான் கிடைக்கவில்லை. இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. காய்ச்சலோடுதான்.

ஜெசிந்தா ஃபைலை நீட்டினாள். பெரிய டாக்டர் அதை வாங்கி, ஸ்டூலில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்க."

"ஃபைல் இல்லாம எப்படி சார்?"

"உன்னைக் கேக்கல. அம்மா, நீங்க சொல்லுங்க. இந்த டாக்டர் எப்படி?"

சுற்றி நின்ற மாணவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். ஜெசிந்தாவுக்குக் காது சூடானது. ராப்பகலாகப் படித்தது இதற்குத்தானா?

வடிவாச்சி தயங்கவே இல்லை.

"வெறும் வயித்தோட வருவாவ. கையில இருக்க அட்டையப் பாப்பாவ, என் மூஞ்சியப் பாக்க மாட்டாவ. இடுப்பு வலி இருக்கு, வெளிய சொல்ல மாட்டாவ. கால மாத்தி மாத்தி ஊணி நிக்காவ பாருங்க, எங்க வெள்ளாடு ஈனுறதுக்கு முந்தி இப்படித்தான் நிக்கும்."

யாரோ சிரித்தேவிட்டார்கள்.

"சார்! என்னை ஆடுங்கிறாங்க, நீங்களும் கேட்டுக்கிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது.

ஆடா?

ஜெசிந்தா முதன்முறையாக அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆட்டுக்குப் பிரசவம் நீங்கதான் பாப்பீங்களா?"

"பின்ன? குட்டி சிக்கிக்கிட்டா கைய விட்டுத்தான் இழுப்பேன். போன மாசம் மூணு குட்டி செத்தே விழுந்துட்டு டாக்டரம்மா."

ஆட்டிலிருந்து மனுஷருக்கு வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு, மருந்தும் உண்டு. பதினோரு நாளில் ஒருவரும் அதை எழுதவில்லை. ஃபைலில் 'தொழில்: குடும்பத் தலைவி' என்றிருந்தது. கேட்காமலே அப்படி எழுதியவள் ஜெசிந்தா. அவள் அதை வாசிக்கக் கேட்டுத் தினமும் தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனவர் பெரிய டாக்டர்.

அவளுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா சார்? தெரிஞ்சா ஏன் சும்மா இருந்தீங்க?"

பெரிய டாக்டர் எழுந்து, கசங்கிய ஃபைலை அவள் கையில் கொடுத்தார். இப்போது அவருக்கும் குரல் நடுங்கியது.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா ரவுண்ட்ஸ் எதுக்கு?"