பனிக்குள் அழைத்த குரலும் கரடிச் செவிலியும்

ஒரு காட்டில், குழந்தைகளே, மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால் நடுப்பகலில்கூட எதிரில் நிற்கும் மரம் தெரியாது. அந்தக் காட்டில் ஆழமான பள்ளத்தாக்கின் ஓரமாக ஒரு குகை இருந்தது. நோயில் விழுந்த விலங்குகளை அங்கேதான் கொண்டுவந்து படுக்கவைப்பார்கள். எவ்வளவு பசித்தாலும் அந்தக் குகைக்குள் யாரும் யாரையும் தொடக் கூடாது என்பது காட்டின் சட்டம்.

குறிஞ்சி என்னும் பெண் குரங்குதான் அங்கே மருத்துவச்சி. அவளுக்குக் கீழே சில கீரிகளும் அணில்களும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டன. அவர்களோடு வேம்பன் என்ற கரடியும் வேலை செய்தான்.

வேம்பன் எழுந்து நின்றால் குகை வாசல் அடைபட்டுப்போகும். அவன் நகங்கள் அரிவாள் போல வளைந்திருக்கும். மூச்சு விட்டால் கொல்லன் துருத்தி ஊதுவது போலச் சத்தம் வரும்.

அவன் முதன்முதலில் வேலை கேட்டு வந்தபோது குறிஞ்சியே ஒரு கிளை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பேசினாள்.

"உனக்கு ஏனப்பா இந்த வேலை?"

"என் அம்மா காய்ச்சலில் கிடந்தாள், அக்கா. நான் தேன் தேடிப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டாள். பக்கத்தில் உட்கார யாருமே இல்லை" என்றான் வேம்பன்.

குறிஞ்சி கிளையிலிருந்து இறங்கி வந்து, "உள்ளே வா" என்றாள்.

வேம்பன் நல்ல செவிலி. பச்சிலையைப் புண்ணில் வைத்தால் வைத்ததே தெரியாது. குளிரில் நடுங்கும் குட்டிகளைத் தன் ரோமத்துக்குள் படுக்கவைத்துக்கொள்வான். ஒரு நோயாளியின் மூச்சு கொஞ்சம் மாறினாலும் அவன் காதுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் கண் விழிக்கும் நோயாளிகள் அவன் முகத்தைப் பார்த்ததும் அலறுவார்கள். அதனால் போகப் போக அவனை இரண்டே வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள். காட்டுப்பன்றியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றால், "வேம்பா, தூக்கு!" ஜுர வேகத்தில் யாராவது துள்ளினால், "வேம்பா, பிடி!" தூக்கியதும் பிடித்ததும் அவன் இருட்டு மூலைக்குப் போய்விட வேண்டும்.

அந்தப் பனிக்காலத்தில் பூவிழி என்ற புள்ளிமான் கடும் காய்ச்சலோடு வந்தாள். வயிற்றில் குட்டி இருந்தது. கீரிகள் வேறு வேலையில் இருந்ததால் வேம்பன் சுரைக்குடுவையில் தண்ணீர் எடுத்துப் போனான்.

பூவிழி கண்ணைத் திறந்தாள். "ஐயோ! என்னைத் தின்ன வருகிறான்!"

"தண்ணீர்தான், தங்கச்சி. உதடு காய்ந்திருக்கிறதே."

"கிட்டே வராதே! அந்தக் கையால் என்னைத் தொடாதே!"

வேம்பன் குடுவையை எட்ட வைத்துவிட்டு மூலைக்குப் போனான். அங்கே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் விபரீதம் தொடங்கியது.

ஒரு நாள் பனி குகை வாசல் வரை வந்து நின்றது. பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், வயிற்றுவலியோடு கிடந்த முள்ளம்பன்றியைக் காணோம். அவன் படுத்திருந்த சருகில் சூடு இன்னும் ஆறவில்லை. ரத்தம் இல்லை. இழுத்துப்போன தடமும் இல்லை.

அடுத்த முறை பனி வந்தபோது ஒரு முயலைக் காணோம். எழுந்து உட்காரவே முடியாத முயல்!

குகையில் ஒரு நரி இருந்தான். அவன் பெயர் ஊமத்தன். உடைந்த கால் தேறுவதற்காகக் கிடந்தான். யாரைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம்தான்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றான் ஊமத்தன். "செவிலி என்றால் கை மெல்லியதாக இருக்க வேண்டும். அந்த நகங்களைப் பாருங்கள். அது மருந்து போடுகிற கையா?"

"நான் யாரையும் தொடவில்லை" என்றான் வேம்பன்.

"முயலை ஒரே வாயில் விழுங்கினால் ரத்தம் எங்கிருந்து வரும்?" என்றான் ஊமத்தன்.

நோயாளிகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். "அவனை வெளியே அனுப்புங்கள்! இல்லாவிட்டால் நாங்கள் போகிறோம்!"

குறிஞ்சி வேம்பனைத் தனியே அழைத்தாள். அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"எனக்கு உன் மேல் சந்தேகம் இல்லை, வேம்பா. ஆனால் இவர்கள் பயத்திலேயே செத்துப்போவார்கள். கொஞ்ச நாள் வெளியே இரு."

வேம்பன் வெளியே போனான். ஆனால் போனவன் வாசலை ஒட்டியிருந்த பாறை மேல் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னும் போகவில்லையா?" என்று உள்ளிருந்து கத்தினான் ஊமத்தன்.

"வெளியே இரு என்றார்கள். வெளியேதானே இருக்கிறேன்" என்றான் வேம்பன்.

மறுபடியும் பனி இறங்கியது. வழக்கம்போலப் பறவைகள் அடங்கின. அப்போதுதான் வேம்பன் அதைக் கேட்டான்.

பள்ளத்தாக்கின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மிக மெல்லிய, மிக இனிய குரல். ஒரு பெண்மானின் குரல்.

"பூவிழி... தங்கச்சி... வா... இங்கே வலிக்காது..."

வேம்பனின் முதுகு ரோமம் குத்திட்டு நின்றது. பூவிழிக்கு ஒரே ஓர் அக்கா. அவள் போன கோடையிலேயே காட்டுத்தீயில் இறந்துபோனாள். அது காட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவன் வாசலுக்கு ஓடிப்போய்க் குறிஞ்சியிடம், "அக்கா, பனிக்குள் ஏதோ இருக்கிறது! செத்தவர்கள் குரலில் கூப்பிடுகிறது!" என்றான்.

எல்லாரும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். தடித்த பாறைச் சுவருக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ளே வருவதற்கு நல்ல கதை கட்டுகிறான்" என்று சிரித்தான் ஊமத்தன்.

பூவிழி மட்டும் சிரிக்கவில்லை. தன் பெயரை யாரோ சொன்னது போல, அவள் கண்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

வேம்பன் மறுபடி பாறைக்குத் திரும்பினான். பனி இன்னும் தடித்தது. தன் கால்கூட அவனுக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. பூவிழி வந்துகொண்டிருந்தாள். இமை அசையவில்லை. உதட்டில் மட்டும் சிரிப்பு இருந்தது.

"தங்கச்சி, நில்!"

அவள் நிற்கவில்லை. குரல் வந்த பக்கமே நடந்தாள். வேம்பன் பின்னாலேயே போனான். அவன் மனம் அடித்துக்கொண்டது. 'இவளை இப்போது பிடித்தால் அலறுவாள். எல்லாரும் ஓடிவருவார்கள். கரடியின் பிடியில் மானைப் பார்த்தால் அப்புறம் யார் என்னை நம்புவார்கள்?'

அவள் ஒரு காலை முன்னே தூக்கி வைக்கப் போனாள். அங்கே தரை இல்லை. பள்ளத்தாக்கு.

வேம்பன் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தான். நகம் அவள் மேல் படக் கூடாது என்று விரல்களை உள்ளங்கைக்குள் இறுக மடக்கிக்கொண்டான். நகங்கள் அவன் கையிலேயே இறங்கின. பூவிழி அலறினாள், உதைத்தாள், அவன் தோளைக் கடித்தாள். அவன் விடவில்லை.

சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள்.

"பார்த்தீர்களா! கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்! ரத்தத்தைப் பாருங்கள்!" என்று கூவினான் ஊமத்தன்.

அது வேம்பனின் ரத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊமத்தன் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. இம்முறை அது ஒரு பெண்நரியின் குரல்.

"ஊமத்தா... கால் வலிக்கிறதா? இங்கே வா..."

ஊமத்தனின் வாய் திறந்தபடியே நின்றது. அது செத்துப்போன அவன் மனைவியின் குரல். அவன் முகத்திலிருந்த சந்தேகம் எல்லாம் வழிந்துபோய், குட்டிநரியின் முகம் போல ஆகிவிட்டது.

"இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் நொண்டி நொண்டிப் பள்ளத்தாக்கை நோக்கி நடந்தான்.

வேம்பன் ஒரு கையால் பூவிழியை அணைத்துக்கொண்டே, மறு கையால் ஊமத்தனின் பிடரியைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் யார் காதுக்கும் வரவே இல்லை.

அதற்குள் குரல் பலவாகிவிட்டது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தது. பன்றியின் தம்பி அழைத்தான். கீரியின் குழந்தை அழைத்தது. குறிஞ்சிகூட ஓர் அடி முன்னே வைத்துவிட்டாள்.

"உள்ளே! எல்லாரும் உள்ளே!"

வேம்பன் போட்ட அந்தச் சத்தத்தில் குகையே அதிர்ந்தது. திடுக்கிட்டு விழித்தவர்கள் விழுந்தடித்து உள்ளே ஓடினார்கள். வேம்பன் பூவிழியைச் சருகில் கிடத்தினான். ஊமத்தனை அவன் இடத்தில் விட்டான். பிறகு போய் வாசலில் உட்கார்ந்தான். அவன் உடம்பு வாசலை முழுவதும் அடைத்துக்கொண்டது. நோயாளிகள் மேல் ஒரு கண் இருக்க வேண்டுமே என்று முகத்தை உள்பக்கம் வைத்துக்கொண்டான். முதுகு பனியின் பக்கம் இருந்தது.

வெளியே குரல்கள் எல்லாம் ஓய்ந்தன. பிறகு, அவன் முதுகுக்கு மிக அருகில், ஒரு கரடியின் குரல் கேட்டது.

"வேம்பா... கண்ணா... ஏன் என்னைத் தனியாக விட்டுப் போனாய்? இப்போதாவது வா..."

எல்லாரும் வேம்பனையே பார்த்தார்கள். அவன் எழுந்துபோனால் வாசல் திறந்துவிடும். அவனை இழுத்து நிறுத்துகிற பலம் அங்கே யாருக்கும் இல்லை.

வேம்பனின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. ஆனால் அவன் திரும்பவில்லை.

"அம்மா, நான் வேலையில் இருக்கிறேன்" என்றான்.

மெல்லிய குரலில்தான் சொன்னான். குகை முழுவதும் கேட்டது.

வெகு நேரம் கழித்துக் காற்று வீசிப் பனி கலைந்தது. வெயில் பட்டதும் எல்லாரும் வெளியே வந்து, அதுவரை யாரும் போய்ப் பார்க்காத பள்ளத்தாக்கின் பக்கம் பார்த்தார்கள். முள்ளம்பன்றியின் காலடியும் முயலின் காலடியும் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை போயிருந்தன. திரும்பி வந்த அடி ஒன்றுகூட இல்லை. குகையில் இருப்பவர்களின் தடத்தைத் தவிர, வாசலுக்கு வெளியே வேறு எதன் தடமும் இல்லை.

ஆனால் வேம்பனின் முதுகைப் பார்த்த குறிஞ்சி அப்படியே நின்றுவிட்டாள். எப்போதும் சடைபிடித்துக் கிடக்கும் அந்த ரோமம், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கோதிவிட்டது போல, மேலிருந்து கீழாக வாரப்பட்டிருந்தது. தொட்டால் பனிக்கட்டி போலச் சில்லிட்டது.

அவள் அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மடங்கி இறுகிப்போன அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் பச்சிலை வைத்துக் கட்டினாள்.

"அண்ணா, ரொம்ப வலிக்கிறதா?" என்று கேட்டாள் பூவிழி.

"நீ உதைத்ததுதான் வலிக்கிறது" என்றான் வேம்பன்.

பூவிழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊமத்தன் தலையைக் குனிந்துகொண்டு தன் சருகுப் படுக்கையை இழுத்து வந்து வேம்பனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

அந்தப் பருவம் முடிவதற்குள் பனி மறுபடியும் வந்தது. பறவைகள் அடங்கின. குரல் வாசல் வரை வந்து, ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி இனிமையாக அழைத்தது. நோயாளிகள் ஆளுக்கு ஒரு பிடி கரடி ரோமத்தைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

குரல் நெடுநேரம் அழைத்துப் பார்த்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நீதி: அழைக்கும் குரலின் இனிமையை நம்பாதே; அச்சம் தரும் அளவுக்குப் பெரியதாக இருந்தாலும், உன்னை விடாமல் பிடித்திருக்கும் கையை நம்பு.