உள்ளே என்ன இருந்தது?

“பாஸ்வேர்டு தர மாட்டேங்கறாங்க மேடம்” என்று முறையிட்டார் தேவசகாயம்.

பொற்கொடி தலை நிமிரவில்லை. மதுரையில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. காலமெல்லாம் டி.வி. மெக்கானிக்காக இருந்துவிட்டு, மகள் வயதுள்ள அவளிடம் தொழில் கற்க வந்திருந்தார் அவர்.

தர மறுத்தவர் மெஹருன்னிசா. வீட்டில் அடிவாங்கிய பெண்களின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்கிறவர். திண்டுக்கல்லிலிருந்து வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

அவருடைய பழைய லேப்டாப் எரிந்துபோய்விட்டது. அதன் டிஸ்க்கைக் கழற்றிப் புது லேப்டாப்பில் பொருத்தியது தேவசகாயம்தான். மொத்தமும் பூட்டிய டிஸ்க். திரை பாஸ்வேர்டு கேட்டு நின்றது.

மறுநாள் கோர்ட்டில் விசாரணை. பதிவுகள் போயிருந்தால் அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும். இன்னொரு தடவை வாய் திறக்க மாட்டார்கள் என்று மெஹருன்னிசா சொல்லியிருந்தார்.

“நாலு ஃபைலைத் திறந்து பார்த்தாத்தானே என் வேலை சரியான்னு தெரியும்?”

பொற்கொடி எழுந்தாள். மெஹருன்னிசாவை உள்ளே அழைத்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

தேவசகாயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவரும் திரும்பினார்.

பின்னால் விசைகள் தட்டும் சத்தம். நீளமான பாஸ்வேர்டு. நடுவில் ஒரு முறை நின்றது. மறுபடி தொடர்ந்தது.

அப்புறம் சத்தமே இல்லை. ஹெட்போனில் கேட்கிறார் போலிருக்கிறது.

பெயின்ட் பெயர்ந்த சுவரைப் பார்த்தபடி நின்றார் தேவசகாயம். ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும், டிஸ்க் பிழைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

திரும்பவில்லை.

“எல்லாம் இருக்கு” என்றார் மெஹருன்னிசா.

புது லேப்டாப்பைப் பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டார். இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தேவசகாயத்துக்கு மனம் ஆறவில்லை.

“உசிரைக் கொடுத்து வேலை பார்த்தது நான். ஒரு ஃபைல்கூட என் கண்ணில படலையே மேடம்.”

“உள்ளே என்ன இருந்தது, அண்ணே?”

“தெரியாது.”

“அதைக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அவங்க காதுல விழட்டும்.”

படியில் மெஹருன்னிசாவின் காலடிச் சத்தம் நின்றது.

தேவசகாயம் வாசலைப் பார்த்தார். மெல்ல நிமிர்ந்தார்.

“எனக்குத் தெரியாது” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.