மீதிக் கசப்பு

"அம்மா, இனி நான் வீட்டுக்குப் போறதா இல்ல. இங்கயே ஒரு மூலையில இருந்துடறேன்" என்றார் பூவராகன்.

ஆற்றங்கரை மடத்தின் தலைவி மங்களாம்பிகை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் ஊரே அவரை அம்மா என்றுதான் கூப்பிடும். வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தோளில் ஒரு துணிப்பை, முகத்தில் கடுகடுப்பு.

வீட்டில் என்ன பிரச்சினை என்று அம்மா கேட்டார்.

"பாகற்காய்" என்றார் பூவராகன்.

அப்புறம் கொட்டித் தீர்த்தார். சர்க்கரை வந்ததிலிருந்து மனைவி செங்கமலம் தினமும் காலையில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாற்றை நீட்டுகிறாள். நோய் இவருக்குத்தான், அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. போதாததற்குக் கேலி வேறு. கொடுக்கும் முன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள். மறுபடி நக்குவாள், மறுபடி சுளிப்பாள். பிறகு சிரித்துக்கொண்டே நீட்டுவாள். இன்று அந்த டம்ளரைத் தட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

"கசப்பைத் தவிர அவகிட்டேருந்து எனக்கு எதுவும் கிடைக்கல அம்மா."

அம்மா தலையாட்டினார். தாராளமாகத் தங்கலாம் என்றார். தனக்கும் சர்க்கரை உண்டு, காலையில் பாகற்காய்ச் சாறு மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார்.

இவ்வளவுதானா என்று பூவராகனுக்கு ஒரே குஷி.

மறுநாள் காலை மடத்துக் கொல்லையில் பாகற்காய் பறித்தார். கழுவினார். அப்படியே துண்டு போட்டு மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, பெருமையோடு கொண்டுபோய் நீட்டினார்.

அம்மா பாதியைக் குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மீதியை அவரிடமே நீட்டி, பிரசாதம் என்றார்.

ஒரு வாய்தான். பூவராகன் கிணற்றடிக்கு ஓடினார். மனிதர் கொப்பளித்த கொப்பளிப்பில் கிணறு வற்றாமல் இருந்ததே பெரிது.

திரும்பி வந்தவரிடம் அம்மா கேட்டார்.

"வீட்லயும் இப்படித்தான் இருக்குமா ஐயா?"

"ஐயோ, இல்லம்மா. கசக்கும்தான். ஆனா குடிச்சிடலாம். இதை வாயிலயே வைக்க முடியல."

"அங்க வேற காயா?"

"இதே காய்தான். சந்தையில நானே வாங்கிட்டு வர்றது."

"அப்ப மீதிக் கசப்பு எங்க போச்சு?"

பூவராகன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பேப்பர் படித்துக்கொண்டே தினமும் பார்த்ததுதானே. தோலைச் சுரண்டுவாள். விதையை எடுப்பாள். உப்புப் போட்டுப் பிசறிப் பிழிவாள். எலுமிச்சை விடுவாள். உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பாள். சுளிப்பாள். இன்னும் கொஞ்சம் எலுமிச்சை. மறுபடி நக்குவாள்.

சிரித்துக்கொண்டு நீட்டுவது அதற்கப்புறம்தான்.

தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார். கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் எங்கே கிடந்ததோ அந்த நன்றி, மொத்தமாக வந்து சேர்ந்தது.

டம்ளரில் மீதி அப்படியே இருந்தது. எடுத்தார். அடிவரை குடித்தார்.

"அம்மா, ஊருக்கு முதல் பஸ் எப்போ?"