ஐந்து நாள் ஊசி

அறுவை சிகிச்சை படிக்க வந்தபோது டாக்டர் கோமதிநாயகத்துக்கு நாற்பது தாண்டியிருந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் பர்வீன் பானு வயதில் இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். இதில் யார் யாருக்கு வாத்தியார் என்று நர்சுகளுக்குச் சிரிப்பு வரும்.

கோமதிநாயகம் நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் குடல்வால் ஆபரேஷன் முடிந்து யார் வந்து படுத்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி எழுதிவிடுவார்.

அன்று காலை ரவுண்ட்ஸில் இசக்கியம்மாள் கட்டிலருகே பர்வீன் நின்றார். இசக்கியம்மாள் கைக்குழந்தைக்காரி. முந்தாநாள்தான் ஆபரேஷன். மருந்து ஏறிய கை வீங்கிக் கிடந்தது. அந்த மருந்தால் வயிற்றுப்போக்கு வேறு. குழந்தை அவளுடைய அக்கா தோளில் அழுதுகொண்டிருந்தது.

“இந்த ஊசியக் கழத்தி விடுதியளா மேடம்? பிள்ளைய மடியில போட்டுப் பால் குடுக்க முடியல.”

பர்வீன் திரும்பினார். “சார், இவங்க குடல்வால் எப்படி இருந்தது?”

“வீங்கியிருந்தது மேடம். வெடிக்கல, சீழும் இல்ல.”

“கத்தி வைக்கறதுக்கு முன்னாடி மருந்து போட்டீங்களா?”

“போட்டேன்.”

“இப்ப காய்ச்சல்?”

“இல்ல.”

“அந்த ஒரு தடவையே போதுமே சார், அப்புறம் இது எதுக்கு?”

“இருந்துட்டுப் போகட்டும்னுதான்.”

பர்வீன் கட்டிலோரம் உட்கார்ந்து, பிளாஸ்டரை நனைத்து மெல்ல உரித்தார். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சால் அழுத்திப் பிடித்தார். பிறகு குழந்தையை வாங்கி அவள் மடியில் கிடத்தினார். அது முட்டி மோதிக் குடிக்கத் தொடங்கியது. இசக்கியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்துக்கும் மனம் இளகத்தான் செய்தது. கூடவே, மருந்தை நிறுத்தினால் சீழ் பிடித்துவிடுமோ என்ற பயமும் வந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டார்.

“எனக்கு மட்டும் ஏன் மேடம் நிறுத்தக் கை வரமாட்டேங்குது?”

“நீங்களே சொல்லுங்க.”

“பழைய ஊர்ல மாடசாமின்னு ஒருத்தன் வயித்து வலின்னு வந்தான். வாயுத் தொல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். குடல்வால் வெடிச்சுத் திரும்பி வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் பிழைக்கல. அன்னைக்கே பார்த்து மருந்த ஆரம்பிச்சிருந்தா...”

பர்வீன் ஓர் அடி நெருங்கி வந்தார்.

“வெடிச்சு வந்தவங்களுக்கு எழுதுங்க சார். எழுதலேன்னா நானே திட்டுவேன்.”

“வெடிக்காதவங்களுக்கு?”

“அவங்களுக்கு எழுதறப்போ யாரை நினைச்சுக்கிட்டு எழுதறீங்க?”

கோமதிநாயகம் திரும்பி, உள்ளே குழந்தையோடு இருந்த இசக்கியம்மாளைப் பார்த்தார்.

பர்வீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னும் எத்தனை பேர் கையில ஏத்தினாலும், அந்த மருந்து மாடசாமிக்குப் போய்ச் சேராது சார்.”