இடித்த எள்ளும் முழு எள்ளும்

மேற்குக் கடலோரம் ஒரு யூதத் தெரு. அங்கே பெரிய வீட்டில் சமைத்த சிப்போராவின் கணவன் சாகக் கிடந்தான். யூதர் கல்லறை மதிலுக்குள் தனக்கு ஒரு குழி வேண்டும், அவன் கேட்டது அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாய் உலை வைத்து, அதே ஆண்டவரைத் துதித்து வந்த குடும்பத்துக்கு ஆறடி மண் தர, அந்த வீட்டுக்கும் சபைக்கும் தலைவரான எசேக்கியேல் முதலாளிக்கு மனசில்லை.

"உங்க பாட்டன் எங்க அடிமை. நீங்க எங்க ஜனமா? எங்கே, ஆமான்னு என் வாயாலயே சொல்ல வை, இடம் தர்றேன்!"

பண்டிகை விருந்தில், சபையே பார்க்க, சிப்போரா இடித்த எள்ளுருண்டையை வலக்கையில் ஏந்தி, "மண்ணின் கனியைப் படைத்தவரே" என்று, தின்னுமுன் சொல்லும் துதியை உரக்கச் சொன்னாள்.

முதலாளி துள்ளி எழுந்தார். "அடியே! அது முழு எள்ளுக்குச் சொல்றது! இடிச்சதுக்கு 'எல்லாம் அவர் சொல்லால் ஆனது'ன்னு சொல்லணும். ஆண்டவர் பேரை வீணாக்கிட்டியே, பாவி! நம்ம சட்டத்தை மீறலாமா?"

துதிக்கும் தின்பதற்கும் நடுவே பேசக் கூடாது. அவள் இடக்கையில் இருந்ததை வாயில் போட்டு, மென்று விழுங்கிய பிறகே பேசினாள்.

"வெளியாளுக்கு அந்தச் சட்டம் ஏது முதலாளி? எனக்கு அது பாவம்னா, நானும் உங்க ஜனம்தானே?"

அவள் இடக்கையை விரித்தாள். உள்ளங்கையில் முழு எள் ஒட்டியிருந்தது.

"நான் துதிச்சதும் தின்னதும் இதைத்தான். ஆண்டவர் பேரு வீணாகல."

முதலாளி குனிந்து அந்த எள்ளைப் பார்த்தார். பிறகு, "எந்த இடம் வேணும்?" என்றார்.

"மதிலுக்கு உள்ளே எங்கேயானாலும் சரி" என்றாள்.