மேஜிக் அர்த்தநாரியின் ஒரு ரூபாய்

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சனிக்கிழமை மேடை யாருக்கு என்பதுதான் அன்றைய கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு. தலைவர் நாச்சிமுத்துவுக்கு யார் ஏறினாலும் சரி, கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும். பொருளாளர் சென்னியப்பனுக்கு ஆர்கெஸ்ட்ராதான் வேண்டும். அதில் கீபோர்டு வாசிப்பது தன் மச்சினன் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பூசாரி மாரப்பன் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். செயலாளர் என்கிற முறையில் நான் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மேஜிக் அர்த்தநாரி கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்தார்.

பாவம், இந்த வருஷம் அவருக்கு ஒரு புரோகிராமும் அமையவில்லை. இதுவும் போனால் திங்கட்கிழமையிலிருந்து மாமனாருடைய பெயிண்ட் கடையில் போய் உட்கார வேண்டியது என்று வீட்டில் முடிவு பண்ணியிருந்தார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் மனுஷன் மேடை கேட்டு வந்தவர் மாதிரியா பேசினார்? எங்களுக்கு மேடை கட்டிக் கொடுக்க வந்தவர் மாதிரி பேசினார்.

"மத்த மேஜிக்காரனெல்லாம் என்னங்க பண்றான்? காசை விரலிடுக்குல சொருகிக்குவான். இன்னொரு கையில எலுமிச்சம்பழம் தயாரா இருக்கும். நீங்க இந்தக் கையைப் பாக்கறப்ப அந்தக் கை வேலையை முடிச்சிரும். அது வெறும் கைவேகமுங்க. நம்முளுது அப்படியில்லீங்க. காசே பழமாயிரும்."

"பழமாயி?" என்றார் சென்னியப்பன்.

"ஒரு கிரகப்பிரவேசத்துல ஒத்த ரூபாயை எலுமிச்சம்பழமாக்குனனுங்க. வீட்டம்மா விவரம் தெரியாம அதைப் புழிஞ்சு சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு ஜூஸ் போட்டுட்டாங்க. அன்னைக்குப் பூரா அவங்க ஏப்பம் விட்டா கிணிங் கிணிங்னு சத்தமுங்க."

"அவங்கள்ல ஒருத்தரையாச்சும் கூட்டிட்டு வர்றியா?"

"எல்லாரும் துபாய் போயிட்டாங்க. ஏர்போர்ட்டுல அந்த மெஷின் வேற கத்தியிருக்குது, பாவம்."

டீ வந்தது. அர்த்தநாரி என் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"சந்தையில ஒருக்கா ரூபாயைக் கோழியாக்குனனுங்க. அது வெச்ச முட்டை அத்தனையும் எட்டணா."

"எட்டணாவை இப்ப எவனும் வாங்கறதில்லையேப்பா," என்றார் நாச்சிமுத்து. தலைவருக்கு அந்தக் கவலை.

"அதனாலதானுங்க அடை வெச்சேன். குஞ்சு பொரிச்சு வளந்தா முழு ரூபாய்!"

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அர்த்தநாரிக்கு அது கைதட்டல் மாதிரி கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யானைக் கதைக்கு வந்துவிட்டார்.

"மலையடிவாரத்துல ஒரு ஊர்ல ரூபாயை யானையாக்கி நிறுத்திட்டனுங்க. சனம் வாயைப் பொளந்து நிக்குது. அதுக்குள்ள ரெண்டு ஆபீசருங்க வந்து, யானை வளக்கறதுக்குப் பர்மிஷன் எங்கேன்னாங்க. யானையை அப்படியே உள்ளங்கையில அமுக்கிக் காசாக்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். யானை எங்கடான்னாங்க. பையிலன்னேன். 'யானையைச் சட்டைப்பையில் அடைத்துக் கொடுமைப்படுத்தினார்'னு கேஸ் எழுதிட்டாங்க!"

"அந்த ரூபாய் இப்ப எங்க?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க? திரும்பி வர்றப்ப ஞாபகமில்லாம பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டேன். நம்மூரு டவுன் பஸ் ஒரு பக்கமாச் சாஞ்சுட்டே போகுதில்லீங்க? அதான் காரணம்."

"அது வாங்குனதுல இருந்தே அப்படித்தான் போகுது!" என்று சென்னியப்பன் கத்தினார்.

"அப்படிங்களா? வாழைப்பழம் வாங்கிட்டு அதுல ஏறுனவங்களைக் கேட்டுப் பாருங்க, கண்டக்டர் பையில இருந்து தும்பிக்கை வந்துச்சா இல்லையான்னு. நானும் ரூபாயைத் திருப்பிக் கேட்டனுங்க. 'சில்லறை இல்லை, இறங்கறப்ப வாங்கிக்க'ன்னுட்டாரு. இறங்கறப்ப எந்தக் கண்டக்டருங்க குடுத்திருக்கறாரு?"

"அது வாஸ்தவந்தான்," என்றார் நாச்சிமுத்து.

தலைவர் சாய்கிறார் என்று தெரிந்ததும் சென்னியப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மச்சினன் மேடை போகிறதே! "வாய்ப்பந்தல் போதும். இப்பவே ஒரு காசை மாத்திக் காட்டு, நானே உன் பேரை எழுதறேன்," என்றார்.

"காசைக் குடுங்க. என் காசுல பண்ணுனா முன்னாடியே ஏற்பாடும்பீங்க."

நாச்சிமுத்து சட்டைப் பையைத் துழாவினார். மூக்குக் கண்ணாடியும் செல்போனும் வந்தன. சென்னியப்பன் இரண்டு செல்போன் எடுத்தார். நான் வண்டிச் சாவி எடுத்தேன். டீ கொண்டுவந்தவரைக் கேட்டோம். கடையிலேயே காசு கிடையாது, எல்லாம் ஸ்கேன்தான் என்றார். ஒரு கோயில் கமிட்டி முழுக்கத் தேடியும் ஒத்த ரூபாய் தேறவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சென்னியப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன்னையவிடப் பெரிய மேஜிக்காரன் எவனோ இருக்கறான்ப்பா. ஊர்க்காசு பூராவையும் மறைச்சுச் செல்போன்ல டிங்குனு ஒரு சத்தமா மாத்திட்டுப் போயிட்டான். நீ என்னமோ ஒரு யானைக்கு இந்தப் பேச்சுப் பேசறே!"

அந்த இடத்தில் அர்த்தநாரி வாயை மூடியிருந்தால் மேடை அவருக்குத்தான். ஆனால் இன்னொருத்தன் பெரிய மேஜிக்காரன் என்றதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"எவனோ இல்லீங்க," என்று எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதும் நாந்தான். ஒருநாள் சாயங்காலம் சும்மா பழகிப் பாக்கலாம்னு ஒரு ரூபாயை மறைச்சு டிங்குனு சத்தமாக்குனேன். அது கைமீறி ஊர்க்காசு பூராவும் அப்படியே ஆயிருச்சுங்க."

தூணோரம் பூசாரி மாரப்பன் கண்ணைத் திறந்தார்.

"நீதானா அது?" என்று எழுந்து வந்தார். "கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடறான், திருநீறு வாங்கறான், தட்டுல போடக் காசில்ல பூசாரிங்கறான். செவுத்துல ஒட்டியிருக்கற அட்டைக்குப் போனைக் காட்டறான். டிங்குங்குது. அது கமிட்டிக்குப் போகுது. என் தட்டைக் கழுவக்கூட வேண்டியதில்லை, அவ்வளவு சுத்தமா இருக்குது. இத்தனை நேரம் நீ சொன்னதுல இது ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்குது. என் காசை எடுத்து வை!"

அர்த்தநாரியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்ண்ணா. ஆத்தா மேல சத்தியமா நான் பண்ணலீங்க. எனக்கு எலுமிச்சம்பழம் மட்டுந்தான் வரும். அதும் விரலிடுக்குலதானுங்க!"

"விடப்பா மாரப்பா," என்றார் நாச்சிமுத்து. "அவனே புளுகுன்னு ஒத்துக்கறானில்ல?"

"யானைக்கே சத்தியம் பண்ணாதவன் இதுக்கு எதுக்குங்க பண்றான்?" என்றார் பூசாரி. "என் தட்டுல காசு விழாம இவனை மேடையேத்துனீங்கன்னா, சனிக்கிழமை கற்பூரத்தை நீங்களே காட்டிக்கங்க."